செர்பியக் கிராமங்களின் தலைக்கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

செர்பியக் கிராமங்கள் காலியாகி வருவது பற்றிய கட்டுரையில், 1991-க்கும் 2002-க்கும் இடையே பல ஊர்களில் மக்கள்தொகை 'திடீரென' சரிந்ததாக எழுதப்பட்டிருந்தது. சரிவு உண்மைதான். கொசோவோ நீங்கலாக 2002-ல் சுமார் 75 லட்சம் பேர், 2022-ல் 66.5 லட்சம். ஆனால் அந்தத் 'திடீர்' பெரும்பாலும் எண்ணிய முறையால் வந்தது. ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ பிழைப்பவரையும் அவருடைய குடும்பத்தையும் 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொந்த ஊர்க் கணக்கிலேயே வைத்தார்கள். 2002-ல், ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவரை நீக்கிவிட்டார்கள். கிழக்கே நெகோட்டின் பக்கத்து ஊர்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: வெளிநாட்டுப் பணத்தில் மாடி வீடுகள் எழும்பி நிற்கின்றன, கோடை விடுமுறைக்குத்தான் ஜன்னல் திறக்கிறது. புள்ளியியல் அலுவலகம் 1991-ன் எண்ணைப் புதிய முறைப்படியும் ஊர்வாரியாகத் தந்திருக்கிறது. ஒப்பிட அதைத்தான் எடுக்க வேண்டும்.

பத்தாண்டு இடைவெளி என்று வைத்துச் சதவீதம் போட்டாலும் தப்பாகும். 2001-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு 2002 ஏப்ரலுக்கும், 2021-ல் நடக்க வேண்டியது 2022 அக்டோபருக்கும் தள்ளிப்போயின. நடுவில் ஒன்று 2011 அக்டோபரில் நடந்தது. ஆக 1991-லிருந்து இடைவெளிகள் 11, ஒன்பதரை, 11 ஆண்டுகள்.

இதைவிடப் பெரிய விஷயத்தை எண்கள் காட்டவே காட்டாது. செர்பியாவின் வடக்கே உள்ள வோய்வோதினா மாகாணத்தில், வர்ஷாட்ஸ் நகருக்கு அருகே, மலையடிவாரத்தில் குதுரிட்சா என்றொரு திராட்சைத் தோட்ட ஊர் இருக்கிறது. அந்த ஊர் இருக்கும் பனாட் பகுதி 1718-ல் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சிக்குப் போன பிறகு, ஊரில் ஜெர்மானியர் குடியேறிப் பெரும்பான்மையானார்கள். 1944 கடைசியில் ஒரு பகுதியினர் பின்வாங்கும் ஜெர்மன் படையோடு ஓடினர், மற்றவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அந்த ஆண்டு நவம்பர் 21 ஆணைப்படி ஜெர்மானியரின் சொத்து பறிமுதலானது. 1945-ன் நிலச் சீர்திருத்தச் சட்டம் அந்த வீடுகளையும் வயல்களையும் யூகோஸ்லாவியாவின் பிற பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஸ்லோவேனியர், மாசிடோனியர், செர்பியர், போஸ்னியர் என்று பலரும் குதுரிட்சாவில் ஒரே தெருவில் குடியேறினர். 1931, 1948 கணக்கெடுப்புகளின் இரு வரிசைகளை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஊர் கூடிக் குறைந்ததுபோல் இருக்கும். உண்மையில் பட்டியலில் ஊர் அதேதான். குடும்பங்கள் அநேகமாக வேறு. போதாக்குறைக்கு, 1931-ன் எண்கள் தாய்மொழி, மதம் வாரியாகப் பிரித்தவை. 1948 முதல் அவரவர் சொல்லும் தேசிய இனம். இரண்டையும் அட்டவணையின் ஒரே பத்தியில் அடுக்கக் கூடாது.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். யாபுகா என்று பான்செவோ அருகே ஒன்று, மாசிடோனியர் குடியேறியது. தென்மேற்கில் பிரியெபோலியே வட்டாரத்தில் இன்னொன்று. வர்ஷாட்ஸ் என்றால் நகரத்தின் எண்ணும் உண்டு, குதுரிட்சாவையும் சேர்த்த வட்டாரத்தின் எண்ணும் உண்டு. அட்டவணையில் எது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி