கல்லின் வயதை மறைத்த காகிதத்தை எடுத்துவிடுங்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். கடந்த வாரம் சேலத்தில் தாங்கள் நடத்திய கண்காட்சியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் மேசையில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அவளுடைய தாய் நான். அவள் எழுதிய எண்ணின் மேல் ஒட்டிய காகிதத்தைத் தாங்களே எடுத்துவிட வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறேன்.

ஏற்காடு மலைப்பாதையில், சாலைக்காகப் பாறையை வெட்டிய இடத்தில் உதிர்ந்து கிடந்த உள்ளங்கையளவு கருங்கல்லை நாங்கள் இருவரும் எடுத்து வந்தோம். நிலவியலார் அதைச் சார்னகைட் என்பார்கள். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி அந்தப் பாறைதான். 'வயது: சுமார் 250 கோடி ஆண்டுகள்' என்று அட்டையில் அவளே எழுதினாள். காலையில் பார்வையிட வந்த தங்கள் உறுப்பினர் ஒருவர், "யார் மனசும் புண்படக் கூடாது பாப்பா" என்று சொல்லி, அதன்மேல் வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். மாலைவரை அவள் அங்கேயே நின்றாள். "இந்தக் கல்லுக்கு என்ன வயசு கண்ணு?" என்று கேட்டவர்களிடம், விடை தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டாள். பசையின் ஈரத்தில் நீல மை கசிந்து, கடைசிச் சுழி மட்டும் காகிதத்தின் வழியே மங்கலாகத் தெரிந்தது. மதியம் நான் போனபோது அதையும் கட்டைவிரலால் மூடியபடி நின்றிருந்தாள், ஏதோ தவறு செய்துவிட்டவளைப் போல.

அந்த எண் அளந்து பெற்றது. இத்தகைய பாறையில் இருக்கும் சிர்கான் என்னும் கனிமம் படிகமாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய அண்டவிடாது. யுரேனியம் 238இல் பாதி சிதைந்து ஈயமாக மாறுவதற்கு 447 கோடி ஆண்டுகள் ஆகும் என்பதால், படிகத்தில் இன்று சேர்ந்திருக்கும் ஈயத்தையும் எஞ்சிய யுரேனியத்தையும் ஒப்பிட்டுக் காலத்தைக் கணக்கிடுகிறார்கள். விண்கற்களில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்புகளை, அதாவது அணு எடையில் வேறுபடும் ஈய வகைகளை, அளந்துதான் அறிவியலாளர் கிளேர் பேட்டர்சன் 1956இல் பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று நிறுவினார்.

யாருடைய மனம் புண்படும் என்று தாங்கள் சொல்லவில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் மலையேறும் குடும்பம் எங்களுடையது. ஏறி வந்த மலையின் வயது தெரிந்த பிறகும், குகைக்குள் குனிந்து கும்பிடும்போது என் பக்தி இம்மியும் குறைந்ததில்லை. புராணக் கணக்கில் பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள். பேராயர் ஜேம்ஸ் அஷர் 17ஆம் நூற்றாண்டில் விவிலியத்தைக் கொண்டு கணக்கிட்டு, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்றார். முன்னது ஆய்வு சொல்லும் எண்ணுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக அதைச் சான்றாக்கவும், பின்னது தொலைவில் இருக்கிறது என்பதற்காக அதை நம்புபவரை இகழவும் எனக்கு மனமில்லை. இரண்டும் நூல்வழி வந்த எண்கள். கல்லை அளந்தவர்கள் வேறொரு கேள்விக்கு விடை தேடினார்கள். ஒரு மாணவர் அந்த நூல்வழி எண்களை எழுதி வைத்திருந்தாலும் காகிதம் ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

வகுப்பறையில் பூமியின் வயதைக் கற்பித்து, தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டு, நாலு பேர் வருகிற இடத்தில் மட்டும் மறைக்கச் சொன்னால், பிள்ளைகள் எதை உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்? இதற்கு மேல் எழுதினால் சொல் தடித்துவிடும். ஆகவே வேண்டுகோளுக்கே வருகிறேன்: மறைத்தது தவறு என்று அவளுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த கண்காட்சியில் எந்தப் பிள்ளையின் எண்ணையும் மறைக்காதீர்கள்.

அட்டை இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. தண்ணீர் தொட்டுக் காகிதத்தை உரிக்கப் போனேன். "ஒட்டுனவங்களே எடுக்கட்டும்மா" என்று தடுத்துவிட்டாள். எந்த நாளில் வரச் சொன்னாலும் அட்டையோடு அவளை அழைத்து வருகிறேன். தயவுசெய்து ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு தாய்