பாதிப் பிரசங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கச் சபைகளில் எழுந்த பக்தி எழுச்சியான எழுப்புதல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் ஒரு வரி, படித்த நாள் முதல் என்னை உறுத்துகிறது. 'நரகத்தைக் காட்டியே ஆள் சேர்த்தவர்' என்று அக்காலப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸை ஒரே போடாகப் போட்டிருக்கிறீர்கள்.

1741 ஜூலை 8 அன்று என்ஃபீல்டு என்ற அமெரிக்க ஊரில் அவர் ஆற்றிய பிரசங்கம்தான் நீங்கள் காட்டிய சான்று. நெருப்பின்மேல் சிலந்தியைப் பிடித்திருப்பதுபோலக் கடவுள் பாவியைப் பிடித்திருக்கிறார் என்ற பகுதியை எடுத்துப் போட்டீர்கள். விழவிடாமல் தாங்குவதும் அதே கைதான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வதை விட்டுவிட்டீர்கள். கிறிஸ்து இரக்கத்தின் வாசலை விரியத் திறந்து, பாவிகளை உரத்த குரலில் அழைத்து நிற்கிறார் என்று முடிவில் வருகிறதே, அது எங்கே? சபையின் அலறலில் பிரசங்கமே நின்றதை, அங்கே இருந்த போதகர் ஸ்டீபன் வில்லியம்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார். அதன்பின் போதகர்கள் இறங்கிவந்து மக்களோடு தனித்தனியே பேசியதையும் அவரே எழுதியிருக்கிறார்.

பயத்தால் கேடே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1735இல் எட்வர்ட்ஸின் சித்தப்பா முறையான ஜோசப் ஹாலி ஆத்தும வேதனையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் சாவை மறைக்காமல் எழுதியவர் எட்வர்ட்ஸ். 1738இல் அன்பைப் பற்றியே வரிசையாகப் பிரசங்கித்தவரும் அவர்தான்.

எங்கள் ஊர் எழுப்புதல் கூட்டத்திலும் ஒருவர் இதே சிலந்தியைக் காட்டி மிரட்டினார். திறந்த வாசலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காணிக்கை எடுத்து முடித்ததும் காரேறிப் போய்விட்டார். அப்போது பதினான்கு வயதான என் தங்கை மகள், விளக்கை அணைக்கவிடாமல் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே பல இரவுகள் படுத்திருந்தாள். எட்வர்ட்ஸின் கடைசிப் பகுதியைத் தமிழில் எழுதிப் படித்துக் காட்டிய பிறகுதான் என்னிடம் வாய்விட்டு அழுதாள். அந்தப் பிரசங்கியார் வெட்டிய இடத்திலேயே நீங்களும் வெட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் இதழில் டிசம்பர் வந்தால் கேக்கும் நட்சத்திரமும், மற்ற மாதங்களில் மதமாற்றச் சண்டையும்தான் கிறிஸ்தவம். போன ஆண்டு இதைச் சொல்லி எழுதினேன். கடைசி இரண்டு பத்திகளை நீக்கி, நான் உங்களைப் பாராட்டியதுபோல வெளியிட்டீர்கள். தெரியாமல் செய்தீர்கள் என்று நினைக்க மனம் வரவில்லை.

அந்த மொழிபெயர்ப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். அரைப் பத்தி இடம் போதும். அடுத்த இதழில் வெட்டாமல் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஞாயிறு பள்ளி ஆசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்