வளாகம் தானாகச் சுத்தமாகாது, ஆசிரியரே

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகத்தில் நடந்த மனித உரிமை மற்றும் நீடித்த வளர்ச்சி வார விழாவைப் பற்றி நீங்கள் போட்ட அரைப்பக்கச் செய்தியைப் படித்தேன். படங்கள் நன்றாகவே வந்திருந்தன. கடைசிப் பத்தியில்தான் இந்த வாக்கியம் இருந்தது: "விழா முடிந்த ஒரு மணி நேரத்தில் வளாகத்தில் ஒரு காகிதத் துண்டுகூட இல்லை, இதுவே மாணவர்களின் சுற்றுச்சூழல் உணர்வுக்குச் சான்று." இதை எழுதிய உங்கள் நிருபர் அந்த ஒரு மணி நேரமும் எங்கே இருந்தார்? வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். அதில் தப்பில்லை, எல்லோரும்தான் கிளம்புகிறார்கள். கிளம்பிய பிறகு நடந்ததற்குச் சான்றிதழ் கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் அரங்கப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மைக், நாற்காலி, சாவி, மேடைத் திரை எல்லாம் என் பொறுப்பில் இருந்தன. எந்த விழாவிலும் கடைசியாக வெளியே வருகிறவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்குப் பின்னாலும் துடைப்பத்தோடு நாலைந்து பேர் நிற்பார்கள். அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பல்கலைக்கழகத்தைக் கேட்டால் ஒப்பந்ததாரரைக் கையைக் காட்டும், ஒப்பந்ததாரரைக் கேட்டால் டெண்டரில் அவ்வளவுதான் என்பார். இந்தக் கதை உங்களுக்குத் தெரியாததல்ல, உங்கள் அலுவலக மாடியைப் பெருக்குகிறவருக்கும் யார் சம்பளம் போடுகிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

ஒரு டிசம்பர் 10 அன்று நடந்ததைச் சொல்கிறேன். மனித உரிமை நாள். 1948இல் பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலகப் பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் மேடையில் ஒவ்வொன்றாகச் சொல்லி விளக்க ஆரம்பித்துவிட்டார் ஒரு பேராசிரியர். நல்ல பேச்சுதான், குறை சொல்ல மாட்டேன். 24ஆம் பிரிவு வந்தது. ஓய்வுக்கும், வேலை நேரத்துக்கு நியாயமான வரம்புக்கும், சம்பளத்தோடு விடுமுறைக்கும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று சொல்லி நிறுத்தினார், கைதட்டல். அந்த நேரம் பார்த்துப் பக்கவாட்டுக் கதவருகே விடிகாலையிலிருந்து நின்றுகொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "சார், இன்னும் எத்தனை பேர் பேசுவாங்க? கடைசி பஸ் போயிடும்." இன்னும் ஆறு பிரிவு பாக்கி, அப்புறம் நன்றியுரை, அப்புறம் குழுப் புகைப்படம். அவர் உள்ளே வந்து பின்வரிசையில் உட்காரவும் முடியாது, சீருடையோடு உள்ளே வரக்கூடாது என்று ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். உட்கார வேறு இடமாவது உண்டா என்றால், மாடிப்படிக்குக் கீழே மின்பலகைக்குப் பக்கத்தில் ஒரு மூலை. அவ்வளவு பெரிய வளாகத்தில் துப்புரவுப் பணிப்பெண்கள் உடை மாற்றிக்கொள்ள ஓர் அறை கிடையாது, ஆனால் விருந்தினர் ஓய்வறை மட்டும் மூன்று உண்டு.

சுற்றுச்சூழல் மன்றத்தின் விழாக்கள் இன்னொரு ரகம். நாலு வண்ணத்தில் குப்பைத்தொட்டி வைப்பார்கள். எதில் எதைப் போடுவது என்று செயல்விளக்கமும் நடக்கும். சாயங்காலம் வருகிற வண்டி ஒன்றே ஒன்று, நாலு தொட்டியும் அதில்தான் கொட்டப்படும். "ஏன் பிரிக்கவில்லை" என்று மறுநாள் திட்டு வாங்குவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கையுறைகூட இல்லாமல் அதை மறுபடி கொட்டிப் பிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் "முழுவதும் மக்கும்" என்று அச்சடித்த கப்களைக் கொண்டுவந்தார்கள். வேதியியல் துறை ஆய்வு மாணவர் ஒருவர்தான் எனக்கு விளக்கினார்: அது பாலிலாக்டிக் அமிலம் என்ற தாவரவழிப் பிளாஸ்டிக்கில் செய்தது, கிட்டத்தட்ட 60 டிகிரி சூட்டில் நடக்கிற தொழிற்கூட உரமாக்கலில்தான் ஒழுங்காக மக்கும், தோட்டத்துக் குழியில் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும் என்று. அப்படியேதான் கிடந்தது. அதைப் பொறுக்கியது எந்த மன்றத்து உறுப்பினரும் அல்ல.

எனக்குப் புரியாத விஷயம், மனித உரிமை மன்றமும் சுற்றுச்சூழல் மன்றமும் ஒரே வாரத்தில் ஒரே அரங்கைக் கேட்டுச் சண்டை போடுவார்களே தவிர ஒருநாளும் சேர்ந்து உட்கார்ந்து பேச மாட்டார்கள். தூய்மையான, ஆரோக்கியமான சூழலில் வாழ்வது மனித உரிமை என்று 2022 ஜூலை 28இல் ஐ.நா. பொதுச்சபையே சொல்லிவிட்டது. ஆதரவாக 161 வாக்குகள், எதிர்த்து ஒன்றுகூட இல்லை. 2015இல் ஐ.நா. கொண்டுவந்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளின் வண்ணச் சக்கரத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிகிறார்கள் அல்லவா, அதில் எட்டாவது இலக்கு கண்ணியமான வேலை. அந்த எட்டாம் எண்ணை யாராவது குனிந்து பார்த்திருந்தால் மாடிப்படி மூலையும் கண்ணில் பட்டிருக்கும்.

சரி, எதற்காக இவ்வளவு விழா? 2019 முதல் டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் என்ற பிரிட்டன் கல்வி இதழ் இந்த இலக்குகளை வைத்தே பல்கலைக்கழகங்களுக்குத் தரவரிசை போடுகிறது. ஆதாரம் காட்ட வேண்டும். விழாப் படங்களும், உங்கள் பத்திரிகைச் செய்தியின் நறுக்கும் அந்தக் கோப்பில் போய் உட்காரும். அதனால்தான் அந்த வாக்கியம் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதியது நாளைக்கு ஆவணம்.

உங்கள் பத்திரிகையோடு எனக்குப் பழைய கணக்கும் ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய கருத்தரங்குக்குச் சக்கர நாற்காலியில் வந்த பேச்சாளரை, மேடைக்குச் சாய்வுப்பாதை இல்லாததால் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். அவர் முகம் சுண்டிப்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீங்கள் அந்தப் படத்தைப் போட்டுக் கீழே "மனிதநேயம்" என்று எழுதினீர்கள். அணுகல் வசதி என்பது 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, அது யாருடைய கருணையும் அல்ல என்று உங்களுக்கு எழுதினேன். இடமின்மையால் வெளியிட இயலவில்லை என்று பதில் வந்தது. பதில் போட்டதற்கு நன்றி. அந்த வாரம் ஒரு நடிகரின் கார் வாங்கிய செய்திக்கு இடம் இருந்தது.

மாணவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒருமுறை இரண்டு மாணவிகள் விழா முடிந்தும் போகாமல் நின்று, பணிப்பெண்களிடம் சம்பளச் சீட்டு தருகிறார்களா, விடுமுறை எடுத்தால் பிடிக்கிறார்களா என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரமே துறைத்தலைவர் கூப்பிட்டு, "உங்களுக்கு ஒதுக்கிய தலைப்பு பருவநிலை மாற்றம்" என்று நினைவுபடுத்தி அனுப்பினார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விழா முடிந்ததும் வளாகத்தைச் சுத்தம் செய்தவர்கள் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் என்று திருத்தமாக ஒரு வரி போடுங்கள். அது உண்மையா என்று விசாரித்துவிட்டே போடுங்கள், என்னை நம்ப வேண்டாம். வழக்கம்போல் கடிதத்தைச் சுருக்குவதானால் கப் விவகாரத்தை வெட்டிக்கொள்ளலாம், நடிகரின் காரையும் எடுத்துவிடலாம். 24ஆம் பிரிவு இருக்கிற பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரங்கப் பொறுப்பாளர்
(பெயர் வேண்டாம், ஓய்வூதியக் கோப்பு இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது)