பழைய மரண அறிவித்தல்களுக்கு ஒரு பெயர்ச் சுட்டி வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை, கிரியை எத்தனை மணிக்கு, பூதவுடல் பொரளைக்கா கல்கிசைக்கா எடுத்துச் செல்லப்படுகிறது என்று அறிவதற்காகவே பலரும் பார்க்கிறார்கள். ஆனால், தம் குடும்பத்தில் முதன்முதலாக ஊரை விட்டுக் கொழும்புக்கோ மலாயாவுக்கோ புறப்பட்டவர் யார், அவர் யாருடைய பிள்ளை, எங்கே சம்பந்தம் செய்தார் என்று தேடத் தொடங்கும் ஒருவருக்கு அதைவிடப் பயனுள்ள அச்சு ஆவணம் கிடைப்பது அரிது. பழைய இதழ்களில் வெளிவந்த அறிவித்தல்களுக்குப் பெயர்ச் சுட்டி ஒன்று ஆக்கப்பட வேண்டும் என்று கேட்கவே இதனை எழுதுகிறேன்.

மரணச் சான்றிதழில் வயது, தொழில், பெற்றோர் பெயர், மரணத்தின் காரணம் ஆகியவை உண்டு. ஆயினும் திகதியும் பதிவுப் பிரிவும் ஓரளவேனும் தெரியாமல் அதனைத் தேடிப் பெறுவது கடினம். அறிவித்தலோ பிறப்பிடத்தையும் வதிவிடத்தையும் முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், சகலன், பேரப்பிள்ளைகள் என்று நான்கு தலைமுறையை ஒரே வாக்கியத்தில் அடுக்கிவிடுகிறது. தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டுமே தாங்கிச் செல்லும் நம் வழக்கத்தில் இரண்டு தலைமுறைக்கு மேல் அறுந்துபோகும் தொடர்பை அந்த ஒரு வாக்கியம் மீட்டுத் தருகிறது. யாருடைய பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ என்று இருக்கிறதோ அவர் அந்தத் திகதிக்கு முன்பே இறந்துவிட்டார் என்பதும் அதிலேயே கிடைத்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் பணியாற்றிய யாழ்ப்பாணத்தவர் குடும்பங்களைத் தேடுவோருக்கு இப்போது ஒரு வசதி உண்டு. சிங்கப்பூர் தேசிய நூலகச் சபை, 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் உள்ளிட்ட பழைய நாளேடுகளை இணையத்தில் பெயர் கொண்டு தேடும் வகையில் வைத்திருக்கிறது. வெள்ளவத்தையில் இருந்துகொண்டே ஈப்போவில் நிகழ்ந்த ஒரு மரணத்தைத் தேடிப் பார்க்கலாம். வெள்ளவத்தையில் நிகழ்ந்த மரணத்தை நம் தமிழ் நாளேடுகளில் அவ்வாறு தேட முடிவதில்லை. ‘நூலகம்’ என்ற பெயரில் இணைய ஆவணகம் நடத்தும் நிறுவனம் பழைய பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் வருடி (ஸ்கேன் செய்து) இலவசமாக வைத்திருப்பது பெரும் தொண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பக்கப் படங்களாக இருப்பதால், எந்த இதழைத் திறப்பது என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

கொழும்புத் தமிழர் பலர் தம் அறிவித்தல்களை ஆங்கில நாளேடுகளிலும் கொடுத்தனர் என்பதைத் தேடுவோர் மறந்துவிடலாகாது. அங்கே எழுத்துக்கூட்டல் தனித் தொல்லை: கனகசபை ஒரு குடும்பத்தில் ‘சி’யிலும் இன்னொரு குடும்பத்தில் ‘கே’யிலும் தொடங்குவார்.

வீடுகளில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கத்தரித்தெடுத்த துண்டுகள். திகதி இருந்த மேல்விளிம்பையே முதலில் வெட்டி எறிந்திருப்பார்கள். ‘14ஆம் திகதி வியாழக்கிழமை காலமானார்’ என்பதோடு மாதமும் தெரிந்தால், அந்தக் கிழமை அத்திகதியில் 28 ஆண்டுகளில் 4 முறைதான் வரும் என்பதால், ஆண்டை வெகுவாகச் சுருக்கிவிடலாம். பின்பக்கத்துச் சினிமா விளம்பரம் மிச்சத்தைச் சொல்லிவிடும். அந்தியேட்டிக் கிரியையின்போது வெளியிடும் ‘கல்வெட்டு’ என்ற நினைவு நூல் கிடைத்தால் இன்னும் எளிது. இறந்த நாளைச் செய்யுளாகச் சொல்லும் திதி வெண்பாவில் அறுபதாண்டு வட்டத்தின் ஆண்டுப் பெயர், மாதம், பட்சம், திதி எல்லாம் வந்துவிடும்.

இவற்றை வேதவாக்காகக் கொள்ளவும் கூடாது. வீட்டார் விரும்பாத திருமணம் செய்த மகள் அறிவித்தலில் இடம்பெறாமல் போவது புதிதன்று. ஒருவர் பெயர் இல்லை என்பது அவர் பிறக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. பணம் கொடுத்து அறிவித்தல் போட இயலாத தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பழைய பக்கங்களில் மிக அரிதாகவே தென்படும் என்பதும் இந்த ஆவணத்தின் பெருங்குறை. அவர்களுக்குத் தோட்டத்துப் பதிவேடுகளையும் 1949ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழான விண்ணப்பங்களையும்தான் நாட வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தன. 1983 ஜூலையில் கொழும்பு வீடுகளோடு குடும்பப் படங்களும் பத்திரங்களும் எரிந்தன. ஆகவே தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் பத்திரிகை அலுவலகங்களிலும் எஞ்சியுள்ள தொகுப்புகளின் பெறுமதி இரட்டிப்பாகிறது. முழு இதழ்களையும் வருடுவதற்குப் பெரும் செலவாகும் என்பதை அறிவேன். மரண அறிவித்தல்களுக்கு மட்டும் பெயர், பிறப்பிடம், வதிவிடம், இதழின் திகதி ஆகிய நான்கையும் கொண்ட சுட்டியை முதலில் ஆக்கினால் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் உதவினால் அது ஆகாத காரியமன்று. உயிரோடிருப்போரின் விவரங்களும் அறிவித்தல்களில் வருவதால், 50 ஆண்டுகளுக்கு முற்பட்டவற்றோடு நிறுத்திக்கொள்வதே முறை.

இனி வரும் அறிவித்தல்களிலேனும் பிறந்த ஆண்டையும், பெண்களாயின் தந்தையின் முழுப் பெயரையும் சேர்த்துத் தருமாறு விளம்பரப் பிரிவினர் குடும்பத்தாரிடம் கேட்டுப் பெறலாம். அதற்கு ஒரு வரிதான் கூடுதலாகச் செலவாகும். அந்த வரிக்குக் கட்டணம் அறவிடாமல் விட்டால் எவரும் மறுக்கமாட்டார்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.