எல்லாக் கேள்விக்கும் மூன்றா?

யாங்கோன்

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ சொன்னது மனசிலேயே கிடக்கிறது. உங்கள் சிங்கப்பூர் ஆபீஸில் இளம் ஊழியர்கள் எல்லாரும் வேலையிடத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போட வேண்டுமாம். நீ சம்பளத்துக்கு மூன்று, மேலாளருக்கு மூன்று, கற்றுக்கொள்ளும் வாய்ப்புக்கும் மூன்று என்று நிரப்பி வைத்திருக்கிறாய். "எதுக்குப்பா வம்பு" என்றாய். கரண்ட் போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பயின்னௌங் பக்கம் உளுந்து கிட்டங்கியில் நான் கணக்கு எழுதியது உனக்குத் தெரியும். 2015-ல் மியான்மர் அரசாங்கம் எட்டு மணி நேர வேலைக்கு 3600 கியாட் என்று குறைந்தபட்சக் கூலி வைத்தது. 2018-ல் அது 4800 ஆனது. மூட்டை தூக்கும் பையன்களுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. சாக்கு கிழிந்தால் கூலியில் பிடிப்பது மட்டும் அப்படியே தொடர்ந்தது. மட்கிப்போன சாக்கு கிழிந்தால் பையன் என்ன செய்வான்? ஒரு நாள் சாயங்காலம் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிமென்ட் வெடிப்புக்குள் விழுந்த உளுந்தை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கைப்பிடி தேறியது. "இதை எடை போட்டுக் காட்டினா பிடித்தம் குறையுமா அண்ணே?" என்றான். நான் பேரேட்டில் பிடித்தத்தை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு தடவை முதலாளி, பையன்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று என்னையே கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். நானும் மூன்று போட்டவன்தான், பாப்பா. அந்தப் பையன் அடுத்த மாதமே தாய்லாந்துக்குப் போய்விட்டான்.

உன் பழைய பாட நோட்டு இங்கே அலமாரியில்தான் இருக்கிறது. 1959-ல் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னதை நீயே அடிக்கோடிட்டிருக்கிறாய். சம்பளமும் மேற்பார்வையும் சரியில்லை என்றால் மனசு கசக்கும். சரியானால் கசப்பு போகும், அவ்வளவுதான். வேலையில் பிடிப்பு வருவது, செய்ததை நாலு பேர் மதிக்கும்போதும் வளர வழியிருக்கும்போதும். இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒரே மார்க் எப்படி வரும்? உன் சம்பளம் நல்ல சம்பளம், தாராளமாக ஐந்து போடு. நீ ராப்பகலாக உட்கார்ந்து தயாரித்த அறிக்கையில் உன் பெயரை எடுத்துவிட்டுக் கூட்டத்தில் காட்டினார்களே, அதற்கும் மூன்றா?

உன் பயம் புரிகிறது. வேலை போனால் அங்கே இருக்கும் அனுமதியும் போய்விடும். முதலில் உங்கள் பிரிவில் எத்தனை பேர் என்று பார். நாலே பேர் என்றால், பெயர் இல்லாவிட்டாலும் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். சின்னக் குழுக்களின் முடிவைத் தனியாகக் காட்டுவார்களா என்று ஹெச்ஆரிடம் கேள். அதைக் கேட்பதில் தப்பே இல்லை. கருத்து எழுதும் இடத்தில் உன்னைக் காட்டிக்கொடுக்கும் விவரம் எதுவும் வேண்டாம். மார்க்கை மட்டும் மனசில் உள்ளபடி போடு.

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றாயே. வியாழக்கிழமை ராத்திரி கூப்பிடு. ஒவ்வொரு கேள்வியாக வாசி. அம்மாவும் பக்கத்தில் இருப்பாள்.

அன்புடன்,
அப்பா