மூடிய லேப்டாப்பும் மெயில் அறிவிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூடி வைத்த லேப்டாப் பைக்குள் சூடாகிக் கிடக்கிறது, காலைக்குள் சார்ஜ் பாதி இறங்கிவிடுகிறது, திறந்ததும் மெயில் அறிவிப்புகள் மளமளவென்று வந்து விழுகின்றன. இதை வைரஸ் என்று எண்ணி ஃபார்மட் செய்யக் கொடுப்பவர்கள் பலர். பெரும்பாலும் அது வீண் செலவு. காரணம் லேப்டாப் தூங்கும் முறையில் இருக்கிறது.

பழைய முறையான எஸ்3 தூக்கத்தில் மெமரிக்கு மட்டுமே மின்சாரம் போகும், வைஃபை அறுந்துவிடும். அந்த நேரத்தில் வரும் மெயில் சர்வரிலேயே காத்திருக்கும், தொலையாது. புதிய விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் இருப்பது மாடர்ன் ஸ்டேண்ட்பை என்ற எஸ்0 முறை. இதில் திரை அணைந்தாலும் கருவி முழுதாக உறங்குவதில்லை, பலவற்றில் நெட் இணைப்பும் தொடர்கிறது.

உங்களுடையது எது என்று பார்க்க, ஸ்டார்ட்டில் சிஎம்டி (cmd) என்று தட்டுங்கள். வரும் கருப்புத் திரையில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஏ (powercfg /a) என்று கொடுங்கள். மேலே இருக்கும் பட்டியலை மட்டும் படியுங்கள், கீழே உள்ளது உங்கள் கருவியில் இல்லாதவை. அங்கே எஸ்0 வரியில் 'நெட்வொர்க் கனெக்டட்' என்றிருந்தால், மூடிய பிறகும் நெட் ஓடும் லேப்டாப் உங்களுடையது.

நெட் ஓடினால் மெயிலாவது உடனே வருமே என்று விட்டுவைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தூக்கத்தில் கிளாசிக் அவுட்லுக், குரோமில் திறந்து வைத்த ஜிமெயில் போன்ற டெஸ்க்டாப் மென்பொருள்களை விண்டோஸ் நிறுத்தி வைத்துவிடும். பேட்டரி கரைகிறது, காத்திருந்த அறிவிப்போ வருவதில்லை. அவசர மெயிலுக்குப் போனையே நம்புங்கள்.

லேப்டாப்பை உண்மையாகவே தூங்க வைக்க, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் 'ஆன் பேட்டரி' பத்திக்கு ஹைபர்நேட் கொடுங்கள். மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்துவிடும். திறக்கும்போது சில நொடிகள் கூடுதலாகும், அவ்வளவுதான். பட்டியலில் ஹைபர்நேட் இல்லையென்றால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த அதே கருப்புத் திரையில் பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு ஹைபர்நேட், ஆன் (powercfg /hibernate on) என்று இடைவெளி விட்டுக் கொடுத்தால் வந்துவிடும்.

ஆப்பிளின் மேக் லேப்டாப் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியின் ஆப்ஷன்ஸில் 'வேக் ஃபார் நெட்வொர்க் ஆக்சஸ்' என்பதை 'ஒன்லி ஆன் பவர் அடாப்டர்' என்று மாற்றுங்கள். நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் திரை தூங்கும்போது அறிவிப்பைக் காட்டும் அனுமதியையும் எடுத்துவிடுங்கள்.

பேட்டரியைவிடப் பெரிய கவலை, பூட்டிய திரையில் தெரியும் மெயில். வங்கியிலிருந்து வந்த கடிதத்தின் தலைப்பும் முதல் வரியும் பக்கத்தில் நிற்பவர் கண்ணில் படும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் போய், லாக் ஸ்கிரீனில் காட்டும் அனுமதியை நீக்குங்கள். புரொஜெக்டரில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், அதே பக்கத்தில் 'டு நாட் டிஸ்டர்ப்' தானாக இயங்கும் நேரங்களில், திரையை இரட்டிக்கும்போது என்பதையும் டிக் செய்துகொள்ள வேண்டும். மூடியைத் திறந்ததும் குவியும் மெயில் வகுப்பு முழுக்கத் தெரியாது.

இன்னொன்று. அவுட்லுக்கில் சென்ட் அழுத்திய கையோடு மூடிவிட்டால், கடிதம் அவுட்பாக்ஸிலேயே கிடக்க வாய்ப்புண்டு. கடைசி நாள் விண்ணப்பமென்றால், சென்ட் ஐட்டம்ஸில் அது வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

இவையெல்லாம் வாங்கும்போதே தெரிய வேண்டியவை. ராமும் ஸ்டோரேஜும் அட்டையில் பெரிதாக அச்சாகின்றன. எஸ்3 தூக்கம் உண்டா, எஸ்0 மட்டும்தானா என்பதையும் கடைக்காரர்கள் விலைப்பட்டியலில் எழுத வேண்டும். தங்கள் நாளிதழில் லேப்டாப் பற்றி எழுதும்போதும் அந்த ஒரு வரியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுநீக்கும் வாசகர்,
கோயம்புத்தூர்.