விடியப்புறம் நாலு மணியும் பின்னேரம் ஐந்தரையும்

ஸ்காபரோ, கனடா,
மாசி மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நாலுபேரும் சுகம். ஊருக்கு வரும் ஒருவரின் கையில் இதையும் பிள்ளைகளின் படங்களையும் கொடுத்துவிடுகிறேன். போனில் கதைத்திருக்கலாம்தான். ஆனால் போன கிழமை நீங்கள் எடுத்தபோது நடந்ததுதான் தெரியுமே. சின்னவன் தரையில் புரண்டு கத்த, "செல்லம் குடுத்துப் பழுதாக்கிப்போட்டாய்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். நீங்கள் விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி, தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிவிட்டு எங்களுக்கு எடுக்கிறீர்கள். அப்போது இங்கே முதல்நாள் பின்னேரம் ஐந்தரை. ஒரு நாளில் இந்த வீடு ஆகக் குழம்பிக் கிடக்கும் நேரம் அதுதான். பேரன் இருபத்துநாலு மணித்தியாலமும் கத்துகிறான் என்று நீங்கள் நினைப்பதில் பிழையில்லை.

ஒன்ராறியோவில் நாலு வயதிலேயே முழுநாள் பள்ளிக்கூடம். காலையில் போனால் மூன்றரைக்குத்தான் வெளியே வருவான். எங்கள் ஊர் அக்கராயனில் ஒன்றரைக்கு மணி அடித்ததும் நாங்கள் வாய்க்காலில் கிடந்தோம். பாலைப்பழக் காலமென்றால் மரத்தடியில் வாயெல்லாம் பிசினாக நின்றோம். வீட்டுக்கு வரும்போது கத்துவதற்கு உடம்பில் என்ன மிச்சம்? இவனுக்கோ நாள் முழுக்க இங்கிலிஷ், வரிசை, "கையைச் சும்மா வைத்துக்கொண்டு இரு", கொண்டுபோன சோற்றில் பாதி அப்படியே திரும்பி வரும். இத்தனைக்கும் ரீச்சர் சொல்கிறார், வகுப்பிலேயே சொல்வழி கேட்கிற பிள்ளை இவன்தானாம். யாருடைய பிள்ளையைச் சொல்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அங்கே அடக்கி வைத்திருப்பதையெல்லாம் வாசலில் பனிச்சப்பாத்தைக் கழற்றும்போதே கொட்டத் தொடங்குகிறான். வாழைப்பழத்தை நான் உரித்துவிட்டேன் என்று அரைமணி நேரம் அழுதிருக்கிறான். அவன்தான் உரிக்க வேண்டுமாம்.

முன்பு நானும் பிழைதான் விட்டேன். வாசலிலேயே "இண்டைக்கு என்ன படிச்சனி, யாரோட விளையாடினனி" என்று விசாரணை. இப்போது நான் வாயே திறப்பதில்லை. பள்ளிக்கூட வாசலிலேயே கையில் ஏதாவது தின்னக் கொடுப்பேன். பிறகு, பனி கொட்டினாலும், பக்கத்துப் பூங்காவில் அரைமணி நேரம் ஓடவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணியில் குளிப்பு. ரிவி போடுவதில்லை. போட்டால் நிற்பாட்டும்போது இரண்டாம் சண்டை வரும். மகள் வேறு மாதிரி. அவள் கத்தமாட்டாள், தம்பியைச் சீண்டுவாள், கதவை அடித்துச் சாத்துவாள். அவளைப் போர்வைக்குள் கொஞ்ச நேரம் தனியே விட்டால் போதும், தானாக எழும்பி வந்து மடியில் ஏறுவாள்.

எல்லா நாளும் சரிவருவதில்லை. வேலை முடிந்து நான் களைத்து வருகிற நாட்களில் அவனை விட நான்தான் கூடக் கத்துகிறேன்.

பூவரசந்தடி எடு என்றீர்கள். தடி எடுத்து அடிப்பதை இந்த நாட்டுச் சட்டம் ஏற்காது, அது ஒரு பக்கம். தடி இல்லாமல் ஒருநாள் கையால் அடித்தேன், அம்மா. அன்று பின்னேரம் அவன் தன் கரடிப் பொம்மையை இருத்தி வைத்து, அதே மாதிரி அடித்துக்கொண்டிருந்தான்.

2009 இல், யுத்தத்தில் இடம்பெயர்ந்து இருந்த முகாமில் எனக்குப் பன்னிரண்டு வயது. தண்ணி வரிசையில் நாள் முழுக்கச் சத்தமில்லாமல் நின்றுவிட்டு, கூடாரத்துக்குள் வந்ததும் கோப்பையை எறிந்து உங்களோடு சண்டை பிடித்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, கோப்பையைப் பொறுக்கி வைத்தீர்கள். நான் இப்போது செய்வது அதைத்தான். செல்லம் என்று ஏன் சொல்கிறீர்கள் என்றுதான் எனக்கு அழுகை வந்தது.

சரி, இன்னொரு விஷயம். போன முறை அனுப்பிய புழுக்கொடியல் முடிந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் ஒரு துண்டு கொடுத்தால் வீடு வரும்வரை கடித்துக்கொண்டே வருவான், வாய்க்கு வேறு வேலை இராது. இந்த முறைப் பனங்கிழங்கு அவித்துக் காயப்போட்டிருந்தால், இதைக் கொண்டுவருபவரிடமே கொஞ்சம் கொடுத்துவிடுங்கள்.

இனிமேல் சனிக்கிழமை இரவு ஏழரைக்கு எடுங்கள். இங்கே காலை ஒன்பது மணி. அப்போது இரண்டுபேரும் தோசைக்குக் காத்துக்கொண்டு, உங்களோடு கதைக்க முண்டியடிப்பார்கள்.

அன்பு மகள்